கரடிக்கு ரிவோல்வர் பார்த்த கதை

நயாகராவைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வெள்ளவத்தையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பேசியிருப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து என் தங்கை வசந்தி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, இவர் துவக்கு வாங்கப் போறாராம். எப்பிடியாவது வந்து நிப்பாட்டுங்கோ."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் என் வீட்டுக்கும் நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் துப்பாக்கியோடு நிற்கும் பெடியன்கள் தினமும் என் பெயரைக் கேட்பார்கள். நேற்றுச் சொன்ன பெயர் இன்றைக்கு மாறியிருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். துப்பாக்கி நுழையாத வீடு என்று ஒன்று எங்காவது இருந்தால் அது என் தங்கை வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கணவர் ரகுநாதன், அகதி விசாரணையில் துப்பாக்கிகளைப் பற்றி அரைநாள் பேசித்தான் கனடாவில் இடம் பிடித்தவர். அதே மனிதர் இப்போது அதே அரசாங்கத்திடம் போய், தயவுசெய்து எனக்கும் ஒன்று தாருங்கள் என்று வரிசையில் நிற்கிறார். தாராளமான நாடு. யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றும் சொல்லிவிட்டது.

விமான நிலையத்துக்கு ரகு காரோடு வந்திருந்தார். அந்தக் காரில் பயணி உட்காரும் பக்கத்துக் கதவு திறப்பதில்லை. சேலை கட்டிய கணக்கு ஆசிரியை ஒருத்தி, கனடா மண்ணில் செய்த முதல் காரியம், சாரதியின் ஆசனத்தில் ஏறி, கியர் தடியைத் தாண்டி, மறுபக்கம் போய் விழுந்ததுதான். ஹீட்டர் நிறுத்த முடியாதபடி இறுகிப்போயிருந்தது. மே மாதக் குளிருக்கென்று நான் கொண்டுவந்த கம்பளிச் சட்டை முதல் பத்து நிமிடத்திலேயே மடிக்கு வந்துவிட்டது.

"அக்கா, பயணம் எப்பிடி?" என்று கேட்டார் ரகு. நான் பதில் சொல்வதற்குள், "அந்தக் கரடி இருக்கெல்லே," என்று தொடங்கிவிட்டார்.

கரடியின் கதை இது. ரகு யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். ஒரு கோடையில் வயல்வெளியில் அவர் அளவைக் கருவியின் முக்காலியை நட்டு அளந்துகொண்டிருந்தபோது, அது மோட்டார் குண்டு அடிக்கும் கருவி என்று நினைத்து இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. விட்டபோது மாரிகாலம் வந்திருந்தது. கனடாவுக்கு வந்தபின் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் கோப்பிக் குவளைகளுக்கு மூடி அடுக்கினார். சில வருடங்கள் மூடி அடுக்கியபின், கனிமம் தேடும் சிறிய கம்பனி ஒன்று, இவருக்கு அளக்கத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்து வேலை கொடுத்தது. கோடைகாலம் முழுக்க வடக்கே காட்டில் கூடாரம் போட்டு, தனியாக நடந்து, கோடு போட்டு அளக்கும் வேலை. மனிதர் சந்தோஷமாகிவிட்டார். போன கோடையில் ஒரு கறுப்புக் கரடி அவருடைய கூடாரத்துக்குள் தலையை விட்டு, வசந்தி கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் முழுவதையும் நக்கியது. பிறகு தும்மியது. தும்மிய கோபத்தில் கூடாரத்தைக் கிழித்தது. கடைசியில் நித்திரைப் பைக்குள் கிடந்த ரகுவை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

"அந்தப் பார்வை, அக்கா. அது தூளெண்டால் நான்தான் கறி எண்டு யோசிச்சிருக்கு," என்றார் ரகு.

அதன்பிறகு கம்பனி, காட்டில் தனியாக வேலை செய்பவர்களுக்கு இடுப்பில் ரிவோல்வர் கொண்டுபோக அனுமதி எடுத்துக்கொடுத்தது. எந்த ரிவோல்வர் என்பதை அவரவரே தெரிந்தெடுக்கலாம். வேண்டாமென்றால் காட்டுக்குப் போக முடியாது. மிசிசாகா மூடிகள் காத்துக்கொண்டிருக்கும். மூடியே போதும் என்றாள் வசந்தி. மூடிக்குத் திரும்பிப் போவதென்றால் கரடியிடமே போகிறேன் என்றார் ரகு. இரண்டு பேரும் உப்பு எங்கே, வீட்டுத் திறப்பு எங்கே என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசுவதில்லை.

நெடுஞ்சாலையில் காரின் புகைக்குழாய் கழன்று தெருவில் இழுபட்டது. ஓரமாக நிறுத்தியபோது பின்னால் வந்த பெரிய லொறிக்காரர் ஒருவர் கேட்காமலே இறங்கி, கம்பியால் குழாயைக் கட்டிவிட்டார். கொழும்பில் இப்படி ஒருவர் இறங்கியிருந்தால் நான் முதலில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருப்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறீர்கள், என்ன விஷயம் என்று விசாரித்தார். ரகு ஒளிக்காமல் சொன்னார்.

"கரடிக்கா?" என்றார் லொறிக்காரர். "நாற்பத்து நாலாம் அளவுக் குண்டுக்குக் கீழே எடுக்காதே. என் மைத்துனன் சின்னது ஒன்று வைத்திருந்தான். கரடிக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்."

கனடாவில் நான் வாங்கிய முதலாவது ஆலோசனை அது. அடுத்த நாட்களில் தெரிந்துகொண்டேன்: இந்த நாட்டில் கரடியை நேரில் கண்டவர்கள் கொஞ்சப்பேர். கரடிக்கு எந்தத் துப்பாக்கி ரவை பொருத்தம் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. டோனட் கடையில் கோப்பி ஊற்றிய பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பல்வைத்தியரின் வரவேற்பறையில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது. அவர் எனக்கு விளக்கம் சொன்னபோது வாயில் பஞ்சு இருந்தது.

வோபர்னில் வசந்தியின் அடுக்குமாடி வீடு கறிவேப்பிலை வாசனையோடு வரவேற்றது. மின்தூக்கியில் கூட வந்த சீனக் கிழவர் அந்த வாசனையை முகர்ந்து, எத்தனையாம் மாடியில் சாப்பாடு என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். புட்டும் வான்கோழிக் கறியும் வைத்திருந்தாள். வான்கோழி என்பது கோழி தன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக நினைத்துக்கொண்டால் வருவது. எவ்வளவு தூள் போட்டாலும் அது தன் கௌரவத்தை விட்டுக்கொடுத்து ருசிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பாண் ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிப் படங்கள் போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

மறுநாள் காலையில் வசந்தி, "அக்கா, ரவை உப்புமா கிண்டட்டோ?" என்று கேட்டாள். ரகு புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "ரவை முந்நூற்றைம்பத்தேழா நாற்பத்து நாலா எண்டுதான் இன்னும் முடிவு செய்யேல்லை," என்றார். வசந்தி சட்டியை அடுப்பில் வைத்த சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே தட்டினார்.

ரகு எனக்கு வகுப்பு எடுத்தார். குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாது, ஆனால் இடுப்பில் இடிக்கும். பாரமாக இருந்தால் சுடும்போது உதை குறையும், ஆனால் நாளெல்லாம் சுமக்க வேண்டும். கறுப்பு இரும்பு அழகு, மழையில் துருப்பிடிக்கும். வெள்ளி நிறம் துருப்பிடிக்காது, பார்க்கக் கரண்டி மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு அலசமாட்டார்கள். ரகுவை வசந்திக்குப் பார்த்தபோது, உத்தியோகம் அரசாங்கமா என்று கேட்டதோடு சரி.

"இதாலை மான் ஏதும் வேட்டையாடலாமோ?" என்று கேட்டேன், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"இல்லை அக்கா. இஞ்சை கைத்துவக்காலை வேட்டையாடச் சட்டம் இடம் குடுக்காது. உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும்தான்."

உயிருக்கு ஆபத்து வரும் என்று உறுதியாகத் தெரிந்த வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். நானே தினமும் இரண்டு சாவடி தாண்டிப் போகிறவள் என்பது ஞாபகம் வந்தது. உப்புமாவைச் சாப்பிட்டேன்.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி வசந்திதான் சொன்னாள். "அக்காவுக்கு ஊர் காட்டின மாதிரியும் இருக்கும்," என்றாள். ரகுவுக்கு அதன் உள்கருத்து விளங்கவில்லை. விளங்கினாலும் ஒரு துணை கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். நகரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கட்டில் மெத்தைக் கடையும் மறுபக்கம் நாய்களுக்கு முடி வெட்டும் கடையும் இருக்க, நடுவில் துப்பாக்கிக் கடை. உள்ளே சுவரெங்கும் கொம்பு முளைத்த தலைகள். தூண்டில்கள், ரப்பர்ச் சப்பாத்துகள், யாரோ வீட்டில் செய்த ஜாம் போத்தல்கள். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பழக்கதோஷத்தில் அடையாள அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்துவிட்டேன்.

கடைக்காரரின் பெயர் ரொன் என்று சட்டையில் தைத்திருந்தது. அகலமான மனிதர். எங்களுக்கு முன்னால் நின்ற அமெரிக்கர் ஒருவர், தன்னுடைய மாநிலத்தில் ரிவோல்வரால்தான் மான் சுடுவதாகவும், இங்கே அது கூடாதென்றால் இது என்ன சுதந்திர நாடு என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். "சுதந்திரமாகத் தூண்டில் வாங்கலாம்," என்றார் ரொன். அமெரிக்கர் தூண்டில் வாங்கிக்கொண்டு போனார்.

ரகு தன் அனுமதிப் பத்திரங்களைக் காட்டினார். ரொன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று ரிவோல்வர்களை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். சின்னது முந்நூற்றைம்பத்தேழு. நடுவானது நாற்பத்து நாலு. மூன்றாவது, அதற்கும் மேலான ஒன்று. அதன் குழல் மட்டும் என் முழங்கை நீளம். அதை வைத்துக் கரடியைச் சுடவும் வேண்டாம், அடித்தாலே போதும் என்று எனக்குப் பட்டது.

"இந்தக் கண்டத்தில் நாலு காலில் நடக்கிற எதையும் இது நிறுத்தும்," என்றார் ரொன்.

ரகுவின் கை நேரே அதற்குத்தான் போனது. சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டைச் சுண்டி, ரவை போடும் உருளையை மூடினார். ரொன்னின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "ஐயா, அப்படி மூடினால் அதன் கழுத்து வளைந்துவிடும். மெதுவாக," என்றார்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடம் இருந்தது. நீளமான, கொங்கிறீட் போட்ட அறை. எங்கள் காதுகளுக்குப் பெரிய மூடிகள் தந்தார்கள். ரொன் ஒரே ஒரு ரவையைப் போட்டு, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ரகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சுட்டார்.

சத்தம் காதுக்குள் வரவில்லை, நெஞ்சுக்குள் வந்தது. துப்பாக்கி மேலே எழும்பி, குழல் ரகுவின் நெற்றியில் மோதியது. அதுவரைக்கும் நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். ரொன் எட்டித் துப்பாக்கியை வாங்கியபோது ரகு முழங்காலில் இருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குச் சொன்னதல்ல. மோட்டார்க்காரன் என்று பிடித்துப் போனவர்களுக்குச் சொன்ன பதிலாக இருக்கலாம்.

ரொன் நல்ல மனிதர். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அலுவல் இருப்பதுபோல அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"கால் சறுக்கிப் போட்டுது, அக்கா," என்றார் ரகு கொஞ்ச நேரம் கழித்து.

"ஓம், நிலம் வழுக்கல்தான்," என்றேன். கொங்கிறீட் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"வசந்திக்குச் சொல்லாதேங்கோ. நெத்தியைப் பற்றிக் கேட்டால் கார்க் கதவு இடிச்சது எண்டு சொல்லுவம்."

வீட்டுக்கு வந்ததும் வசந்தி நெற்றியைப் பார்த்தாள். ரகு கதவைப் பற்றிச் சொன்னார். நானும் சாட்சி சொன்னேன்.

"எந்தக் கதவு?"

"பயணி இருக்கிற பக்கத்துக் கதவு," என்றேன் நான்.

"அது திறக்கிறதே இல்லையே. என்னெண்டு இடிச்சது?"

எனக்குக் கணக்குத்தான் வரும். பொய் வராது. ரகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். முழங்காலில் விழுந்ததையும் சொன்னார். பிறகு மேசையிலிருந்த படப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். "திங்கக்கிழமை மிசிசாகாவுக்குப் போறன். மூடி அடுக்க ஆக்கள் எடுக்கிறாங்களாம்," என்றார்.

நான் வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சிப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் மகிழ்ச்சிப்பட முடியவில்லை. கடைசியாக ஒரு மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் கண்டது, பரீட்சையில் மூன்றாம் தடவையும் தவறிய பிள்ளையின் தகப்பன் என் வகுப்பறைக்கு வந்தபோதுதான். வசந்தி பல்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள்.

காலையில் அவள் சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "அந்தக் கடைக்குப் போவம். நானும் வாறன்."

ரொன்னுடன் சண்டை போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரகுவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வழிமுழுக்க, ரொன் பாவம், நல்ல மனிசன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெக்ஸ்போர்ட் பக்கமாக வந்தபோது, மட்டன் ரோல்ஸ் வாங்குவோமா என்றும் கேட்டுப் பார்த்தார். வசந்தி பசியில்லை என்றாள். பசியில்லாத யாழ்ப்பாணத்தாளைப் பார்த்தால் பயப்படவேண்டும்.

ரொன் அதே மூன்றையும் பச்சைத் துணியில் வைத்தார். வசந்தி கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, நடுவில் இருந்ததை எடுத்தாள். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவளுடைய சுட்டுவிரல் விசைக்குப் போகவில்லை. பக்கவாட்டில் இரும்போடு நீட்டிக்கிடந்தது. பெருவிரலால் எதையோ தள்ளினாள். உருளை வெளியே வந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்தது போதாதென்று ஒவ்வொரு துளையிலும் சின்னவிரலை வைத்துத் தடவினாள். பிறகு உள்ளங்கையால், குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல மூடினாள்.

ரகு மனைவியின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவுக்கு முன்பே பழக்கம் உண்டு போல," என்றார் ரொன்.

"இல்லை," என்றாள் வசந்தி ஆங்கிலத்தில். ரொன் மேற்கொண்டு கேட்கவில்லை.

பெரியதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "உது கனம். மூண்டாம் நாள் இவர் உதைக் கூடாரத்தில விட்டிட்டுப் போவார். கரடி வரேக்கை கூடாரத்தில கிடக்கிற துவக்காலை என்ன பிரயோசனம்?" சின்னது போதுமா என்று ரொன்னிடம் கேட்டாள். கறுப்புக் கரடிக்குப் போதும், ஆனால் நான் என்றால் நடுவானதைத்தான் எடுப்பேன் என்றார் அவர். நடுவானதிலேயே நீளக் குழல் ஒன்றும் கட்டைக் குழல் ஒன்றும் இருந்தன. வசந்தி சுற்றிப் பார்த்தாள். மேலே தட்டில் இருந்த நித்திரைப் பை ஒன்றைக் காட்டி, அதை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

"இதுக்குள்ளை படுங்கோ," என்றாள் ரகுவிடம்.

"இஞ்சையோ?"

"கரடி வரேக்கை எங்கை படுத்திருந்தீங்கள்?"

மேற்படிப்புப் படித்த ஒரு நில அளவையாளர், இஸ்திரி போட்ட சட்டையோடு, தூண்டில்களுக்கும் ரப்பர்ச் சப்பாத்துகளுக்கும் நடுவே தரையில் நித்திரைப் பைக்குள் படுத்தார். கம்பளிக் கையுறையும் போடச் சொன்னாள். ஜாம் வாங்க வந்த ஒரு அம்மையார் மன்னிக்கவும் என்று சொல்லி அவரைத் தாண்டிப் போனார். வெறும் துப்பாக்கியை ரொன் தன் கையால் இன்னொரு தடவை சோதித்துக் கொடுத்தார்.

"கரடி வந்திட்டுது. எடுங்கோ," என்றாள் வசந்தி.

நீளக் குழல் பையை மூடும் சிப்பில் மாட்டிக்கொண்டது. ரகு இழுக்க, பை முழுவதும் அவரோடு உருண்டு சப்பாத்துத் தட்டில் முட்டியது. கரடி பார்த்திருந்தால் சிரித்தே செத்திருக்கும். கட்டைக் குழல் மாட்டாமல் வந்தது. திரும்பவும் செய்யச் சொன்னாள். திரும்பவும் வந்தது.

"இது," என்றாள். துருப்பிடிக்காத வெள்ளி நிறம், ரப்பர்ப் பிடி. பார்க்கக் கரண்டி மாதிரித்தான் இருந்தது. முதுகுப் பையின் வார் இடுப்பில் வரும் என்பதால் உறையை நெஞ்சுக்குக் குறுக்காகக் கட்டுவது நல்லது என்றார் ரொன். வசந்தி அதையும் ரகுவுக்குக் கட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒரு கதை. உது வீட்டுக்கு வராது. கம்பனிப் பெட்டகத்தில இருந்து காட்டுக்குப் போகும், காட்டில இருந்து பெட்டகத்துக்கு வரும்," என்றாள். ரகு தலையாட்டினார்.

சுட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்றும் அவளே சொன்னாள். ரகு நெற்றியைத் தடவினார். அதே துளைக்குள் போகக்கூடிய, உதை குறைந்த ரவை ஒன்று இருக்கிறது, அதில் பழகத் தொடங்கலாம் என்றார் ரொன். நேற்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "நேற்று ஐயா கேட்கவில்லையே," என்றார் அவர். வியாபாரிகள் எந்த நாட்டிலும் வியாபாரிகள்தான்.

அந்தக் கொங்கிறீட் அறையில் ரகு நின்றார். கை நடுங்கியது. வசந்தி அவருக்குப் பின்னால் போய், அவருடைய முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தாள். காதுமூடியைக் கொஞ்சம் தூக்கிக் கத்திச் சொன்னாள்: "மூச்சை விடுங்கோ. முழுக்க விடுங்கோ. இப்ப மெல்லமா அமத்துங்கோ."

சத்தம் வந்தது. ரகு விழவில்லை. கடதாசியின் ஓரத்தில் ஒரு ஓட்டை. அவள் கையை எடுக்கவில்லை. அவர் மறுபடியும் சுட்டார், மறுபடியும் சுட்டார். முடிந்ததும் உருளையைத் திறந்து அவளிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

திரும்பும் வழியில் டோனட் கடை ஒன்றில் நிறுத்தினோம். நான்தான் கேட்டேன். "எங்கை பழகினாய்?"

வசந்தி கோப்பிக் குவளையின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீங்கள் அப்ப கொழும்பில படிப்பிச்சுக் கொண்டிருந்தீங்கள். இயக்கப் பெடியள் துவக்குச் சாமான் கொண்டுவந்து எங்கட கிணத்தடி மோட்டர்க் கொட்டிலுக்கை வைப்பாங்கள். ஆர், எந்தக் கூட்டம் எண்டு கேக்காதேங்கோ. நான் துப்புரவா வேலை செய்வன் எண்டு துடைச்சு எண்ணெய் போடத் தந்தவங்கள். பதினேழு வயசு. பெரிய ஆளெண்ட புளுகம் எனக்கு."

மூடியைத் திரும்பவும் குவளையில் வைத்து அழுத்தினாள்.

"பின்வீட்டுச் சேகர் ஞாபகமோ? ஒருநாள் கொட்டிலுக்கு வந்தவன். ஒருத்தன் ஒண்டை எடுத்து, சும்மா சிரிச்சுக்கொண்டு, அவனை நோக்கிப் பிடிச்சவன். வெறுமை எண்டுதான் எல்லாரும் நினைச்சது. நானும் பாக்கேல்லை."

"சேகர் காய்ச்சலிலை செத்தவன் எண்டெல்லே அம்மா சொன்னவ," என்றேன்.

"ஓம். எல்லாருக்கும் காய்ச்சல் எண்டுதான் சொன்னது."

அத்தனை வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய ரகுவுக்கும் இது புதிது. அவர் சீனி போடாத கோப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு தன்னுடைய டோனட்டைப் பிட்டு, பெரிய துண்டை அவளுடைய பக்கம் தள்ளினார். எனக்கு ஏதாவது குத்தலாகச் சொல்லவேண்டும் போல இருந்தது, வழக்கப்படி. பதிலாக எழும்பிப் போய் இன்னொரு டோனட் வாங்கிவந்தேன்.

வாங்கிய துப்பாக்கியை ரகுவின் பெயரில் பதிய பொலிஸ் அனுமதி வந்துசேர்வதற்குள் கிழமைக்கு ஒரு தடவை மூவரும் அந்த அறைக்குப் போனோம். வசந்தி ஒருநாளும் சுடவில்லை. ரொன் கேட்டும் மறுத்துவிட்டாள். பின்னால் நிற்பாள், முடிந்ததும் குனிந்து பார்ப்பாள். இடையில் ஒரு மழைநாளில் என்னை நயாகராவுக்கும் கூட்டிப்போனார்கள். நிறையத் தண்ணீர் கீழே விழுந்துகொண்டிருந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டுச் சோறு சாப்பிட வந்தோம்.

ஜூனில் ரகு வடக்கே போனார். புதுத் தூள் வறுத்து இடித்து, இறுக மூடும் போத்தலில் போட்டுக்கொடுத்தாள் வசந்தி. முகாமில் ஒரு ரேடியோத் தொலைபேசி இருந்தது. ஞாயிறு காலைகளில் பேசலாம். ஒருவர் பேசி முடித்து ஓவர் என்று சொன்னால்தான் மற்றவர் பேசமுடியும், முகாம் முழுவதும் கேட்கும். யாழ்ப்பாணத்துத் தம்பதிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு கருவி கொடுத்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, ரகுவின் குரல் இரைச்சலுக்குள்ளால் வந்தது. வசந்தி தொலைபேசியை எனக்கும் கேட்கும்படி பிடித்தாள்.

"கரடி வந்தது. நேத்துப் பின்னேரம். அடுப்படிப் பக்கம். ஓவர்."

வசந்தி என் கையைப் பிடித்தாள். "சுட்டீங்களோ? ஓவர்."

"இல்லை. எடுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கை நடுங்கேல்லை. அது பாத்தது, நானும் பாத்தன். பிறகு நான் தமிழிலை பேசின பேச்சுக்கு அது போயிட்டுது. ஓவர்."

"ரவை எல்லாம் கழட்டிட்டீங்களோ? ஓவர்."

"ஓம், இரவே கழட்டிட்டன். ஓவர்."

"திரும்ப ஒருக்காப் போய்ப் பாருங்கோ. நான் நிக்கிறன். ஓவர்."

ரகு ஏன் என்று கேட்கவில்லை. ரேடியோவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரைச்சல் மட்டும். யாரோ ஒருவர் தூரத்தில் ஆங்கிலத்தில் முட்டை கேட்டார். வசந்தி தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான்தான் போய் இறக்கினேன்.

"வசந்தி," என்றது குரல். "பாத்திட்டன். விரல் வைச்சும் பாத்தனான். வெறுமை. ஓவர்."

அவள் மூச்சை விட்டாள்.

"சரி," என்றாள். "சாப்பிட்டீங்களோ? ஓவர்."